ஆணி இல்லாத கதவு, ஸ்டெப்னி வெச்ச வண்டி: கரிசல் காட்டுத் தச்சு வேலையின் கதை

இன்ஸ்டாவில் அந்த ஜப்பான் தாத்தா ரீல்ஸைப் பார்க்காதவர்கள் கம்மி. ஒரு சட்டத்தில் துளை, இன்னொரு சட்டத்தில் நாக்கு. சொருகி, ரெண்டு தட்டு. அவ்வளவுதான். ஆணி இல்லை, பசை இல்லை, ஸ்க்ரூ இல்லை. நானும் வாயைப் பிளந்து பார்த்து நாலு பேருக்கு அனுப்பியவள்தான்.

போன பொங்கலுக்குத் திருச்சுழிப் பக்கம் அப்பத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். சிக்னல் கிடைக்காமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தபோது நிலைக்கால் மேல் கண் போனது. அதே துளை. அதே நாக்கு. குறுக்கே ஒரு மர முளையை அடித்து இறுக்கியிருந்தார்கள்.

"அப்பத்தா, இதுல ஆணியே இல்லையா?"

"ஆணி எதுக்குடி? இரும்பு துருப்பிடிச்சா மரமும்ல சேந்து போகும்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மொச்சை உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

விஷயம் என்னன்னா, அந்த வீட்டை இந்த வருஷம் இடிக்கப் போகிறார்கள். பெரியப்பா கான்கிரீட் வீட்டுக்கு பிளான் போட்டாச்சு. பழைய மரம் வாங்குகிறவர் வந்து நிலை, கதவு, விட்டம் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கதவை யார் செய்தது என்று கேட்டால் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. "ஆசாரி செஞ்சது" என்கிறார்கள். எந்த ஆசாரி? பதில் இல்லை. அங்கே பிடித்து இழுத்ததுதான் இந்தக் கட்டுரை.

காடே இல்லாத ஊரில் மர வேலையா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி. இந்தப் பக்கம் வந்திருந்தால் தெரியும். கரிசல் மண், கண்மாய், வெயில், மறுபடி வெயில். குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதே ஒரு செய்தி. மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி தேக்கும் ஈட்டியும் வளரும் இடம் இல்லை. அதனால் இங்கே தச்சு வேலை என்பது 'என்ன மரம் வேணும்?' என்று கேட்டு ஆரம்பிப்பது இல்லை. 'என்ன மரம் இருக்கு?' என்பதில் ஆரம்பிப்பது.

இருந்தது நாலைந்து மரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலம் வண்டிக்கும் கலப்பைக்கும். தண்ணியிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்தாலும் தாங்கும், இறுகிய மரம். வேம்பு கதவுக்கும் பெட்டிக்கும். கசப்பு இருப்பதால் பூச்சி அவ்வளவாக நெருங்காது. பூவரசும் வாகையும் கிடைத்த இடத்தில் கிடைத்த வேலைக்கு. கூரைக்குப் பனை.

பனையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மற்ற மரங்களில் நடுப்பகுதிதான் உறுதி. பனையில் தலைகீழ். உள்ளே சோறு மாதிரி மெத்தென்று இருக்கும், வெளிவட்டம்தான் கறுத்து இரும்பாகி நிற்கும். அதனால் முதிர்ந்த மரத்தை நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றை வாச்சியால் செதுக்கி எறிந்துவிட்டு, வெளிப்பகுதியை மட்டும் சட்டமாக எடுப்பார்கள். 'வைரம் பாய்ஞ்ச கட்டை' என்று வயசானவர்களைச் சொல்கிறோமே, அது தச்சுப்பட்டறை வார்த்தை. மரத்தின் முற்றிய பகுதிக்குப் பெயர்தான் வைரம். இளம் பனையை வெட்டினால் வைரம் இருக்காது, கூரை நிற்காது. அதனால் தாத்தா வைத்த பனை பேரன் வீட்டுக் கூரைக்கு. இன்றைக்குப் பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசின் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். செங்கல் சூளைக்குப் பனை போய்க்கொண்டிருந்த வேகத்துக்கு அது தேவைதான்.

இந்த வேலைக்கு வயசு என்ன?

மர வேலைக்கு வயசு சொல்வது கஷ்டம். கல் மிஞ்சும், பானை ஓடு மிஞ்சும், மரம் மக்கிவிடும். அதனால் எங்கேயாவது ஈரச்சேற்றில் காற்றுப்படாமல் சிக்கிய துண்டு கிடைத்தால்தான் உண்டு.

அப்படி ஆப்பிரிக்காவில், ஜாம்பியாவின் கலம்போ அருவிப் பக்கம் ஒரு ஜோடிக் கட்டை கிடைத்தது. ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்படி வெட்டு போட்டுப் பொருத்தியிருக்கிறார்கள். வயசு சுமார் 4,76,000 ஆண்டுகள் என்று 2023-ல் அறிவித்தார்கள். நம் மனித இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுதான் என்கிறார்கள். அதாவது மனுஷன் வருவதற்கு முன்பே தச்சு வேலை வந்துவிட்டது!

துளையும் நாக்கும் போட்டு இணைக்கும் முறைக்கு ஜெர்மனியில் லைப்சிக் பக்கம் சாட்சி இருக்கிறது. அங்கே பூமிக்கடியில் கிடைத்த கிணறுகளின் ஓக் மரச் சட்டங்களுக்கு 7,000 வயசுக்கு மேல். உலோகமே இல்லாத காலம். கல் வாச்சியால் செதுக்கியிருக்கிறார்கள். உலகின் மிகப் பழைய மரச் சக்கரங்களில் ஒன்று ஸ்லோவேனியாவில் லுப்லியானா சதுப்பு நிலத்தில் 2002-ல் கிடைத்தது, வயசு சுமார் 5,150.

நம்ம பக்கம் கரையானும் மழையும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஆனால், தடயம் இருக்கிறது. அருப்புக்கோட்டைக்கு வடக்கே, மதுரையை ஒட்டிய கீழடியில் துளை போட்ட கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் கிடைத்திருக்கின்றன. ஓடு இருந்தால் அதைத் தாங்கிய மரச்சட்டம் இருந்திருக்கும், சட்டம் இருந்தால் தச்சர் இருந்திருப்பார்.

தச்சரைப் பற்றி நேராகப் பேசுவது சங்கப் பாட்டு. குறுந்தொகையில் 61-வது பாட்டில், தச்சன் செய்த பொம்மை வண்டியைக் கையால் இழுத்து விளையாடும் பிள்ளைகள் வருகிறார்கள். புறநானூற்றில் ஔவையார் இரண்டு இடத்தில் பட்டறை ரகசியத்தையே சொல்லிவிடுகிறார். 102-வது பாட்டில் உப்பு வியாபாரிகள் வண்டியில் கிளம்பும்போது, பள்ளம் மேட்டில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்கடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஸ்டெப்னி! 87-வது பாட்டில் அதியமானின் வலிமையைச் சொல்ல வரும்போது, ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய கைகாரத் தச்சன், ஒரு மாசம் முழுக்க உட்கார்ந்து செய்த ஒற்றைச் சக்கரம் மாதிரி என்கிறார்.

அது ஏன் ஒரு சக்கரத்துக்கு ஒரு மாசம்? கவிஞர் சும்மா ஏற்றிச் சொன்னார் என்றுதான் நான் நினைத்தேன். பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டத்தில் சாய்ந்து கிடந்த பழைய சக்கரத்தை அவர் விளக்கின பிறகு அப்படித் தோன்றவில்லை.

ஒரு சக்கரம் எப்படிப் பிறக்கும்?

முதலில் மரத்தை வெட்டினவுடனே வேலை தொடங்க முடியாது. பச்சை மரம் காயக் காயச் சுருங்கும். அப்படியே சக்கரம் செய்தால் ரெண்டே கோடையில் ஆடிப் போகும். அதனால் கருவேலக் கட்டையைக் கண்மாய்த் தண்ணீரில் மாசக்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் காயவிடுவார்கள். ஊறும்போது மரத்திலிருக்கும் சாறு வெளியேறிவிடும், பூச்சி அரிப்பதும் வெடிப்பதும் குறையும்.

அப்புறம் நடுவில் இருக்கும் குடம். ஒரே கட்டையில் கடைந்தது. அதைச் சுற்றி ஆரக்கால்கள், பொதுவாக 12. வெளிவட்டத்துக்கு வளைந்த 6 துண்டுகள், பேர் வட்டை. ஒரு வட்டைக்கு ரெண்டு ஆரக்கால். ஒவ்வொரு ஆரக்காலின் இரு முனையிலும் நாக்கு, குடத்திலும் வட்டையிலும் அதற்கான துளை. ஆக ஒரு சக்கரத்தில் ஆரக்காலுக்கு மட்டும் 24 துளை, 24 நாக்கு. ஒரு துளை ஒரு நூல் தள்ளிப்போனாலும் சக்கரம் கோணும். உளி, கொட்டாப்புளி, வாச்சி, முழக்கோல். இதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவும். ஆரக்கால் குடத்துக்குள் கொஞ்சம் இறுக்கமாகவே போக வேண்டும். லூஸாகப் போனால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இதுவரைக்கும் தச்சர் வேலை. அடுத்தது கொல்லர் வேலை. இதுதான் கிராமமே கூடி வேடிக்கை பார்க்கும் கட்டம்.

சக்கரத்தின் வெளியே மாட்டும் இரும்புப் பட்டையை சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சின்னதாகவே செய்வார்கள். அப்புறம் எப்படி மாட்டும்? எருவாட்டியும் விறகும் அடுக்கித் தீ மூட்டி, பட்டையை அதற்குள் போட்டுச் செக்கச்செவேல் ஆக்குவார்கள். 5 அடி விட்டமுள்ள சக்கரத்துக்குச் சுற்றளவு சுமார் 15.7 அடி. பட்டையை 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அது ஓர் அங்குலத்துக்கு மேல் விரியும். ப்ளஸ் டூ பிசிக்ஸில் படித்த அதே விரிவுதான். விரிந்த பட்டையைக் குறடால் நாலு பேர் தூக்கிவந்து சக்கரத்தில் இறக்கி, மரம் தீப்பிடிப்பதற்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். புஸ்ஸென்று புகை. இரும்பு சுருங்க, அத்தனை வட்டையும் ஆரக்காலும் நடுக்குடத்தை நோக்கி நெருக்கிக்கொண்டு ஒரே உடம்பாகிவிடும். வட்டையை ஆரக்காலோடு இறுக்கிப் பிடிப்பதற்கு ஆணியே தேவையில்லை. அந்த ஒரு அங்குலம் போதும்.

கரிசல் மண்ணுக்கு இந்தப் பெரிய சக்கரம் ஏன் தேவைப்பட்டது என்பதும் சுவாரஸ்யம். இந்த மண் மழையில் பசையாகும், கோடையில் கால் மாட்டும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். சின்னச் சக்கரம் வெடிப்பில் இறங்கிவிடும். பெரிய சக்கரம் மேலேயே உருண்டு தாண்டிவிடும். ஆனால், அதே கோடை மரத்தையும் விடாது. சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கினால் பட்டை கழன்று வரப் பார்க்கும். அதற்குத்தான் வண்டிக்காரர்கள் சக்கரத்தைத் தண்ணீரில் நிறுத்தி வைப்பார்கள். மரம் ஊறி உப்பி மறுபடி பட்டையைப் பிடித்துக்கொள்ளும். "கண்மாயில தண்ணி இருந்தா மாட்டுக்கு மட்டும் இல்ல, வண்டிக்கும் குடிக்க வைக்கணும்" என்றார் பெரியப்பா.

கலப்பை, தறி... அப்புறம் ஒரு கதவு

கலப்பையில் ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். அதன் அடிப்பகுதி வளைந்திருக்கும். நேர்க்கட்டையை வளைவாக அறுத்தால் மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்படும், முதல் கல்லில் இடித்ததுமே உடையும். அதனால் இயற்கையாகவே வளைந்த கருவேலக் கிளையைத் தேடி வெட்டுவார்கள். ரேகை வளைவோடு சேர்ந்தே ஓடும். கண்மாய்க்கரையில் நடந்து போகும் ஆசாரிக்கு ஒவ்வொரு மரத்திலும் எது கலப்பை, எது ஏர்க்கால் என்று கண்ணில் தெரிந்திருக்க வேண்டும்.

அருப்புக்கோட்டை நெசவு ஊர். குழித்தறி என்பது நூல் சுற்றிய மர இயந்திரம்தான்; படமரம், மிதி, நாடா எல்லாமே மரம். நெசவாளி பேர் சேலையோடு சேர்ந்து பேசப்படுகிறது. தறியைச் செய்தவர், படமரம் கோணினால் ராத்திரியோடு ராத்திரியாக வந்து சரிசெய்தவர் பேச்சிலேயே இல்லை. பிறகு விசைத்தறி வந்தது, மரம் போய் இரும்பு வந்தது.

கதவுக்கு வருகிறேன். அப்பத்தா வீட்டுக் கதவில் கீல் கிடையாது. கதவுப் பலகையின் ஓரத்தில் மேலேயும் கீழேயும் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும், பேர் குடுமி. நிலையின் மேல் குறுக்குச் சட்டத்திலும் கீழ்ப்படியிலும் குழி. குடுமி அந்தக் குழியில் சுற்றும். திறந்தால் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். காலிங் பெல்லே தேவையில்லை. சின்ன வயசில் அந்தக் கதவில் ஏறி நின்று ஆடியதற்கு நான் வாங்கின அடி தனிக் கதை.

கதவில் ஏறி ஆடுவது கரிசல் காட்டுக் குழந்தைகளுக்குப் பொது விளையாட்டு. கி.ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதை அந்த விளையாட்டில்தான் ஆரம்பிக்கும். தீர்வை கட்ட முடியாத ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடப்பதை நான் சொல்லப்போவதில்லை, படியுங்கள். கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலில் பிறந்தவர் கி.ரா. இந்த நிலத்தில் ஜப்தி பண்ண வந்தவன் கண்ணுக்குச் சொத்தாகத் தெரிந்தது கதவுதான்.

பக்கத்திலேயே செட்டிநாட்டில் கதை வேறு. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930-கள் வரை பர்மாத் தேக்கு கப்பலில் வந்து இறங்கியது. ஒரு நிலையிலேயே யாழியும் லட்சுமியும் கிளியும். 1942-ல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அந்தக் காலம் முடிந்தது. இன்றைக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்த வீடுகளின் கதவும் தூணும் பழம்பொருளாக விற்பனைக்கு நிற்கின்றன. நம்ம பக்கத்து வேம்புக் கதவில் செதுக்கல் இல்லை, அதனால் பழம்பொருள் விலையும் கிடையாது. அது வெறும் 'பழைய மரம்'.

கூலி எப்படி? மரியாதை எப்படி?

ஊர் ஆசாரிக்கு வேலைக்கு வேலை காசு கிடையாது. அறுவடை முடிந்ததும் களத்தில் இத்தனை மரக்கால் கம்போ சோளமோ நெல்லோ அளப்பார்கள். அதற்கு 'சுதந்திரம்' என்று பேர். அதற்குப் பதிலாக வருஷம் முழுக்க ஊரின் கலப்பையும் வண்டியும் அவர் பொறுப்பு. மழை பொய்த்தால் சம்சாரிக்கும் இல்லை, ஆசாரிக்கும் இல்லை. இதை 'அந்தக் காலத்துல எவ்வளவு ஒற்றுமை!' என்று உருகுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி உருக முடியவில்லை. அப்பா ஆசாரி என்றால் பிள்ளையும் ஆசாரி, வேறு ஊருக்குப் போகவும் முடியாது, கூலியைக் கூட்டிக் கேட்கவும் முடியாது. பாதுகாப்பு இருந்தது, கூடவே கட்டுப்பாடும் இருந்தது.

அந்தப் பழைய கேள்வி இப்போதும் முடியவில்லை. 2023 செப்டம்பர் 17-ல் ஒன்றிய அரசு பிஎம் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சு உட்பட 18 தொழில்களுக்குக் கருவி வாங்க ரூ.15,000, 5 சதவிகித வட்டியில் ரூ.3 லட்சம் வரை கடன். குடும்பத் தொழிலாகச் செய்கிறவர் என்ற நிபந்தனையும் 18 வயதிலேயே சேரலாம் என்பதும் பிள்ளைகளைக் குலத்தொழிலுக்கே திருப்பும் என்று சொல்லி தமிழ்நாடு அரசு அதை அப்படியே ஏற்க மறுத்தது. சாதி பார்க்காமல் என்று சொல்லி 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ரெண்டில் எது சரி என்று சண்டை போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: பிளைவுட்டில் மைக்கா ஒட்டும் வேலைக்கு நடுவே, துளை போட்டு நாக்கு சொருகும் வேலையை யார் யாருக்குச் சொல்லித் தருவது?

ஏனென்றால் 1980, 90-களில் டிராக்டரும் டயர் வண்டியும் வந்ததும் ஒரு தலைமுறைக்குள் சக்கரம், கலப்பை ரெண்டும் போயின. கருவேலத்துக்கு இருந்த வேலை போனது. கூடவே அந்த மரத்தைத் தெரிந்த கையும் போனது.

இப்போ மரம் இருக்கு. ஆனா...

இந்தக் கதையில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இதுதான். காடே இல்லாத காலத்தில் இங்கே இவ்வளவு தச்சு வேலை நடந்தது. இன்றைக்குத் திருச்சுழி ரோட்டில் பஸ்ஸில் போனால் ரெண்டு பக்கமும் மரம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. எல்லாம் சீமைக் கருவேலம்.

அமெரிக்கக் கண்டத்து மரம். 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வந்து, அன்றைய மதராஸ் மாகாணத்தின் கடப்பைப் பக்கம் போட்டார்கள். பிறகு வறண்ட மாவட்டங்களில் விறகுக்காகப் பரவி, கண்மாயையும் தரிசையும் விழுங்கியது. இதை அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். நிலத்துக்கு அது செய்த கெடுதலில் எனக்குச் சந்தேகமில்லை. அதே நேரம் மழை பொய்த்த வருஷங்களில் இந்தப் பக்கத்து எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது அதை வெட்டி மூட்டம் போட்ட காசில்தான். விறகை அடுக்கி, மண் மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுப்பார்கள்.

ஆனால், அதன் வைரத்தை யாராவது இழைத்துப் பார்த்திருக்கிறீர்களா? செம்பழுப்பில் அவ்வளவு அழகு. இதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தில் அமெரிக்காவின் டெக்சாஸில் விலை உயர்ந்த மேஜையும் தரைப் பலகையும் செய்கிறார்கள். வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது சுருங்கி விரிவது தேக்கைவிடக் குறைவு. பிரச்னை என்னவென்றால் மரம் கோணல், குட்டை, ஒல்லி. பத்தடிப் பலகை அதில் வராது. வெளிப்பகுதியைப் பூச்சி அரித்துவிடும். சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்துத்தான் எதுவும் செய்ய முடியும். கோணல் கட்டையில் கலப்பையைக் கண்டுபிடித்த ஊருக்கு அது புது வேலையா என்ன? ஆனாலும் இன்றைக்கு அதில் பெரும்பகுதி போவது அடுப்புக்கும் கரிக்கும்தான்.

அப்பத்தா வீட்டுக் கதவு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. புது வீட்டு பிளானில் வாசல் ஏழடி உயரம். பழைய கதவு ஐந்தரை அடிதான், எல்லாரும் குனிந்துதான் போவோம். பூஜை ரூமுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்ல, பெரியப்பா அருப்புக்கோட்டையிலிருந்து ஓர் ஆசாரியை வரச் சொன்னார். அவர் கதவைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பலகை நல்லா இருக்கு என்றாராம். கீழ்க்குடுமி மட்டும் தேய்ந்துவிட்டது, ஒட்டுப் போட வேண்டும். அதற்குக் கையளவு நாட்டுக் கருவேலக் கட்டை வேண்டும் என்று மூணு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.